இராசதுரை வீட்டில் கேட்கும் மெசின்

கிண்ணியா ஸெய்னுதீன் மரம் அரியும் மெசினின் சத்தம், இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி முதல், மரம் அரியும் இடத்தில் கேட்பதை விட்டுவிட்டு, இருபத்துமூன்று கிலோமீற்றர் தள்ளி உப்புவெளியில் இராசதுரையின் வீட்டுக்குள் மாத்திரம் கேட்கத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் கிண்ணியாப் பாலமும் சீனன்குடா விமானப்படை முகாமும் திருகோணமலை நகரமும் கிடக்கின்றன. சத்தம் இவற்றில் எதிலும் தங்கவில்லை. அன்று காற்று இல்லை. சந்தையில் சூரை மீன் மலிவு.

அந்த நேரத்தில் ஸெய்னுதீன் ஒரு பேக்கரியின் பின்வளவில், இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமனுள்ள மாமரக் கட்டையொன்றை விறகாக்க நின்றார். மெசினின் கயிற்றை இழுத்தார். கையில் அதிர்வு வந்தது, புகை வந்தது, சத்தம் வரவில்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து இன்னொருமுறை இழுக்கப் போனவர், செயின் சுற்றுவதைக் கண்டு கையை எடுத்துக்கொண்டார். கட்டையில் வைத்தார். வழமைபோல் இறங்கியது. மரத்தூள் வழமைபோல் சட்டைப்பைக்குள் போனது. தன்னுடைய காதும் போய்விட்டதென்று பயந்து, காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். ஆனால் பேக்கரிக்குள்ளிருந்து யாரோ தேத்தண்ணிக்குச் சீனி போடுவதா என்று கேட்டது நன்றாகக் கேட்டது. போடச் சொல்லிவிட்டு மத்தியானத்துக்குள் கட்டை முழுவதையும் அரிந்து முடித்தார். பக்கத்து வீட்டில் தொட்டிலில் கிடந்த பிள்ளை ஒருமுறைகூட எழும்பவில்லை.

உப்புவெளியில் இராசதுரையின் மனைவி சிவபாக்கியம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சத்தம் வந்தபோது கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏதோ இறங்குகிறதென்றே நினைத்தார். அலுமாரிக் கண்ணாடி நடுங்கியது, தட்டில் கிடந்த கரண்டிகள் ஒன்றையொன்று தேடிப் போயின. மகள் கஜந்தினி புத்தகத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். வாசலைத் தாண்டியவுடன் சத்தம் இல்லை. கடல் மட்டும் கேட்டது. திரும்பி உள்ளே கால் வைத்தாள், காதடைத்தது. வாசற்படிதான் எல்லை. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வைத்து நின்றால் ஒரு காதில் மெசினும் மறு காதில் அலையும் கேட்டன. வீட்டுக்காரர் இராசதுரை மட்டும் தன்னுடைய பிளாஸ்ரிக் கதிரையில் அசையாமல் இருந்தார். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, ஏனென்றால் அவருக்குக் காது கேட்காது.

காது போனது மெசினால்தான். ஸெய்னுதீனும் இராசதுரையும் பத்தொன்பது வருடம் சேர்ந்து மரம் அரிந்தவர்கள். காற்றில் சாய்ந்தது, வீதிக்கு இடைஞ்சலாக நின்றது, கிணற்றுக்குள் வேர் விட்டது என்று எந்த மரத்துக்கும் இந்த இரண்டு பேரைத்தான் கூப்பிட்டார்கள். எங்கே வெட்டினால் கட்டை எந்தப் பக்கம் உருளும் என்று பார்ப்பது ஸெய்னுதீனின் வேலை. மெசின் பிடிப்பது இராசதுரையின் வேலை. காதுக்கு மூடி போடச் சொல்லிப் பலரும் சொன்னார்கள். மூடி போட்டால் மரம் என்ன சொல்கிறதென்று கேட்காதே என்று அவர் போடவில்லை. முதலில் குருவிகள் கேட்காமல் போயின, பிறகு கோயில் மணி, பிறகு மனைவி கூப்பிடுவது. இந்தக் கடைசியை அவர் பெரிய நட்டமாக எடுக்கவில்லை. தனக்குக் கேட்கவில்லை என்பதையும் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் இப்போது மெல்லக் கதைக்கப் பழகிவிட்டார்கள் என்பது அவருடைய முறைப்பாடு.

கந்தளாய் வீதியில் ஒரு வாகை மரம் அரியும்போது அடிக்கட்டை உருண்டது. ஸெய்னுதீன் மூன்று தரம் கத்தினார். இராசதுரை திரும்பவில்லை. கட்டை அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அவர் அதைத் தூசு எழும்பிய பிறகே கண்டார். ஸெய்னுதீன் மெசினை வாங்கி நிற்பாட்டினார். தேத்தண்ணிக் கடையில் பத்துப் பதினைந்து பேர் இருக்கும்போது, கண் கலங்க, உரத்துச் சொன்னார்:

"செவிடனோட இனி மரம் அரிய ஏலாது."

இராசதுரை தன் வாழ்நாளில் தெளிவாகக் கேட்ட கடைசி வசனம் அது. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், கோப்பையைக் கழுவி வைத்தார், பஸ் ஏறினார். மெசின் பொலிஸில் ஸெய்னுதீனின் பெயரில் பதிந்திருந்ததால் அவரிடமே நின்றது. ஆறு நாள் ஸெய்னுதீன் வேலைக்குப் போகவில்லை. ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை, பேக்கரிக்காரர் விறகு இல்லையென்று ஆள் அனுப்பினார்.

சத்தம் யாருடையதென்று முதலில் கண்டுபிடித்தவள் கஜந்தினி. சின்ன வயதில் தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் பழகிய காது அது. இரண்டு கிழமை சத்தம் வரும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் கொப்பியில் குறித்தாள். வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கு நின்று ஜும்மாத் தொழுகை முடிந்த பிறகு மறுபடி தொடங்கியதைத் தாயிடம் காட்டினாள். அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

சிவபாக்கியம் பொலிஸுக்குப் போனார். இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் நின்றபோது அவர்களுக்குப் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுத்தான் கேட்டது. உள்ளே வந்தார்கள், தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே போனார்கள். ஏழு தரம் உள்ளேயும் வெளியேயும் போய்வந்த பிறகு முறைப்பாடு உண்மை என்று எழுதினார்கள். ஆனால் யார் மேல் வழக்குப் போடுவது? மெசின் வேறொரு பொலிஸ் பிரிவில் இருந்தது, அங்கே அது சத்தமே போடவில்லை. சத்தம் போடாத மெசின்மேல் சத்தம் போட்டதாக வழக்கு வைக்கச் சட்டத்தில் இடமில்லை. அடுத்ததாகச் சத்தம் அளக்கும் கருவியோடு ஒரு சுற்றாடல் உத்தியோகத்தர் வந்தார். சாமியறையில் நூற்று நான்கு டெசிபல், முற்றத்தில் நாற்பது. படிவத்தில் 'சத்தம் தோன்றும் இடம்' என்ற கட்டத்துக்குள் சிறிது யோசித்து 'தூரம்' என்று எழுதினார். இரண்டு பிரதேச செயலகங்களும் கூடிப் பேச வேண்டிய விடயம் என்று கோப்பு திறக்கப்பட்டது. கூட்டத்துக்கு நான்கு தரம் திகதி வைத்தார்கள். கோப்பு இன்றைக்கும் மூடப்படவில்லை.

கிண்ணியாவில் ஸெய்னுதீனின் பெயர் பரவியது. பரீட்சை நடக்கும்போது பள்ளிக்கூட மதிலுக்குள் விழுந்த மரத்தை அரிந்தார், எந்தப் பிள்ளையும் தலை நிமிரவில்லை. அடக்கத்துக்கு மையித்து கிடந்த வீட்டு வாசலில் சாய்ந்த முருங்கையை ஓதல் குழம்பாமல் அப்புறப்படுத்தினார். உப்புவெளியிலேயே ஒரு விருந்தினர் விடுதி, வெள்ளைக்காரர்கள் பத்துமணிவரை நித்திரை கொள்கிறார்கள் என்று அவரைத் தேடிப்பிடித்துச் சவுக்கு மரங்களை அரியவைத்தது. அங்கிருந்து இராசதுரை வீடு நூறு மீற்றர் தூரம். வெள்ளைக்காரர்கள் நித்திரை கொண்டார்கள். சிவபாக்கியம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு முற்றத்தில் அடுப்பு மூட்டினார். மெசின் திருத்துகிறவர் ஒருவர் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, கழுவி, மறுபடி பூட்டி, மெசினில் பிழை ஒன்றும் இல்லை, இவ்வளவு நல்ல மெசினை நான் கண்டதில்லை என்றார்.

சத்தமில்லாத மெசினைக் காட்டில் களவாக மரம் வெட்டுகிறவர்கள் கேள்விப்படாமல் இருப்பார்களா? தேன் போத்தலோடும் மான் இறைச்சியோடும் வந்தார்கள். ஒதுக்கிய காட்டுக்குள் நிற்கும் பாலையையும் முதிரையையும் பற்றிக் கதைத்தார்கள். ஸெய்னுதீன் எல்லோரையும் திருப்பி அனுப்பினார். கடைசியாக வந்தவர் விடவில்லை. சத்தமே இல்லாதபோது எந்த அதிகாரிக்குத் தெரியப்போகிறது என்று கேட்டார்.

"சத்தம் இல்லையெண்டு நினைக்காதீங்க," என்றார் ஸெய்னுதீன். "அது ஒரு வீட்டுல கேட்டுக்கொண்டுதான் இரிக்கி."

இது அவருக்குத் தெரியவந்தது சிவபாக்கியத்தால். கோப்புகளில் நம்பிக்கை போன பிறகு, அவர் ஒருநாள் பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனார். இராசதுரைக்குச் சொல்லவில்லை. ஸெய்னுதீனின் மனைவி நபீஸா கதிரை போட்டு, குளிர்ந்த தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். ஸெய்னுதீன் நம்பவில்லை. மெசினை முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணினார், நபீஸா கஜந்தினிக்குப் போன் எடுத்தார். கஜந்தினி தெருவுக்கு ஓடி வந்து பதில் சொன்னாள். நிறுத்தினார், விசாரித்தார்கள்; தொடங்கினார், விசாரித்தார்கள். மூன்றாம் தரத்துக்குப் பிறகு ஸெய்னுதீன் மெசினைச் சாக்கால் மூடிவிட்டு, அது எங்கே சத்தம் போடுகிறதென்பது தன் கையில் இல்லை என்றார். அவனுக்குத்தான் காது கேட்காதே, அவனுக்கு என்ன உபத்திரவம் என்றும் கேட்டார். சிவபாக்கியம் தனக்குக் கேட்கும் என்று சொன்னார்.

அன்று முதல் ஏற்பாடு பெண்களுக்குள் நடந்தது. காலையில் நபீஸா போன் எடுத்து இன்றைக்கு என்ன மரம், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லுவார். சிவபாக்கியம் அதற்கேற்றபடி சோறு வடித்தார், விளக்கு வைத்தார், ஆட்களை வரச் சொன்னார். கஜந்தினி உயர்தரப் பரீட்சைக்குப் படித்த மூன்று மாதமும் ஸெய்னுதீன் பிற்பகலில் மரம் தொடவில்லை. அவள் நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழக வளாகத்துக்குத் தெரிவானபோது, கிண்ணியாவிலிருந்து ஒரு பெட்டி முஸ்கத்து இனிப்பு வந்தது. யார் அனுப்பியதென்று இராசதுரை கேட்டார். கடையில் வாங்கியதென்று சொன்னார்கள்.

அந்த வீட்டில் ஒளித்து வைத்தது பெண்கள் மட்டும் அல்ல. இராசதுரைக்கு அந்தச் சத்தம் கேட்டது, முதல் செவ்வாய்க்கிழமையிலிருந்தே கேட்டது. உலகத்தில் வேறு எதுவும் கேட்காத அந்தக் காதுகளுக்கு அது மட்டும், பழைய மாதிரி, ஒரு பிசிறும் குறையாமல் கேட்டது. வெளியே சொன்னால், மற்றவை கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே ஐந்து வருடம் சொல்லாமல் இருந்தார். காலை எட்டரைக்குச் சவரம் செய்து, கழுவிய சட்டை போட்டு, கதிரையில் வந்து அமருவார். மெசின் தொடங்கினால் அவருக்கு எல்லாம் தெரிந்தது. இது மாமரம், கத்தி சோம்பலாக இறங்குகிறது. இது புளி, பல்லைக் கடிக்கிறது. இது தென்னை, நார் சுற்றுகிறது. ஸெய்னுதீன் அவசரப்படுவதும், அடியிலிருந்து வெட்டாமல் மேலிருந்து வெட்டிக் கட்டையைச் சிக்கவைப்பதும், செயினுக்குப் பல் தீட்டாமல் நாளைத் தள்ளுவதும் தெரிந்தது. சில நேரம் கோபம் வந்து கதிரைக் கையில் அடிப்பார். மனைவி பார்த்தால் நுளம்பு கடிக்குது என்பார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. சமையல் காஸும் இல்லாமல் போனது. அடுப்புக்கு விறகு தேடி ஊரே அலைந்தது. ஸெய்னுதீனின் வளவில் ஆள் உயரத்துக்குக் கட்டைகள் அடுக்கிக் கிடந்தன, அரிய ஒரு லீற்றர் பெற்றோல் இல்லை. கோடாலியால் கொத்தினார். கோடாலிச் சத்தம் ஒழுங்காகக் கிண்ணியாவிலேயே கேட்டது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றைப் பார்த்தபடி மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் வரிசை வரிசையாக நின்றன. வைகாசிக் கடைசியிலிருந்து இராசதுரை வீட்டில் சத்தம் இல்லை.

சிவபாக்கியம் முதல் கிழமை கோயிலில் தேங்காய் உடைத்தார். இரண்டாம் கிழமை மத்தியானத்தில் நித்திரை கொண்டார். மூன்றாம் கிழமை கணவனைக் கவனித்தார். அவர் எட்டரைக்குக் கதிரைக்கு வந்து பத்துமணிவரை காத்திருந்துவிட்டு எழும்பிப் போய்ப் படுத்தார். பிறகு சவரம் செய்வதை விட்டார். பிறகு சோற்றை அளைந்துவிட்டு எழும்பினார். ஆடி பிறந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. வைத்தியர் சீனி, பிறஷர், நெஞ்சு எல்லாம் பார்த்து, ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சிவபாக்கியம் அந்தத் துண்டைப் பிடித்தபடி பஸ்ஸில் வரும்போது, சத்தம் நின்ற நாளையும் இந்த மனிசன் சாப்பாட்டை விட்ட நாளையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியது. கோபம்தான் முதலில் வந்தது. ஐந்து வருடம் நான் பஞ்சு வைத்துக்கொண்டு திரிய, இவர் கேட்டு ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும் கேட்டுவிடுவதென்று வந்தார். கதிரையில் சாய்ந்து கிடந்த ஆளைக் கண்டதும் கேட்கவில்லை.

ஆவணியில் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்தது. கஜந்தினியின் ஸ்கூட்டிக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று தொலைபேசியில் படம் வந்தது. அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பொலிஸுக்கும் செயலகத்துக்கும் கோயிலுக்கும் ஏறி இறங்கிய சிவபாக்கியம், வெயிலுக்குள் ஐந்து மணித்தியாலம் வரிசையில் நின்று பெற்றோல் அடித்தார். இரண்டு லீற்றரை வடித்தெடுத்துச் சோடாப் போத்தலில் ஊற்றி, சீலைத் துண்டால் சுற்றி, மகளின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து கிண்ணியாவுக்குப் போனார். நபீஸா போத்தலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"சும்மாதான் நபீஸா," என்றார் சிவபாக்கியம். "வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கு. ஏதும் அரியச் சொல்லுங்கோ."

அடுத்த நாள் காலை எட்டே முக்காலுக்கு மெசின் தொடங்கியது. இராசதுரை படுக்கையிலிருந்து எழும்பி, பாதித் தாடியோடு வந்து கதிரையில் அமர்ந்தார். மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கினார். சிவபாக்கியம் காதில் பஞ்சோடு மீன் பொரித்தார். கிழமைக்கு இரண்டு லீற்றர் வீதம் நான்கு கிழமை அப்படிப் போனது.

ஐந்தாம் கிழமை கச்சான் காற்று சூரங்கல் பக்கத்து வயலோரத்தில் ஒரு பெரிய புளிய மரத்தை வேரோடு சாய்த்தது. ஸெய்னுதீன் காலையிலேயே தனியாகப் போனார். தூக்கிப் போடும் ஆட்கள் பிற்பகலில்தான் உழவு இயந்திரத்தோடு வருவதாக இருந்தது. பத்து மணிபோல இராசதுரை கதிரையில் நிமிர்ந்தார். மெசின் புளிக்குள் ஆழமாக இறங்கி முனகிக்கொண்டிருந்தது, சடாரென்று பாரம் விட்டு வீரிட்டது, பிறகு அடங்கி, வெறும் ஓட்டம் ஓடத் தொடங்கியது. டுக்கு டுக்கு டுக்கு என்று. மரம் அரிகிறவன் மெசினை அப்படி விட்டால் அடுத்த கணம் மறுபடி முறுக்குவான், அல்லது நிற்பாட்டுவான். அதுவும் பெற்றோல் கிடைக்காத வருடத்தில். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. இராசதுரை எழும்பிக் குசினிக்குள் போனார்.

"பாக்கியம், ஸெய்னுதீனுக்கு என்னவோ நடந்திட்டுது. மெசின் சும்மா ஓடுது. அவன் அப்பிடி விட மாட்டான்."

சிவபாக்கியம் அகப்பையை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அவர் அந்தப் பார்வையை விளங்கிக்கொண்டார்.

"ஓம், கேக்குது. இது மட்டும்தான் கேக்குது. வேற ஒண்டும் கேக்கிறேல்ல, எத்தினையோ வருசமாக் கேக்கிறேல்ல. இப்ப போனை எடும்."

நபீஸா உடனே எடுத்தார். விடயத்தைக் கேட்டவுடன் தன் தம்பி பஸ்லானைக் கூப்பிட்டு மோட்டார் சைக்கிளில் சூரங்கலுக்கு அனுப்பினார். எந்த வயலோரம் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. பிறகு போனை வைக்கவில்லை. சிவபாக்கியத்தையும் வைக்க விடவில்லை. சத்தம் இருக்கும்வரை மெசினில் பெற்றோல் இருக்கிறதென்று மட்டும்தான் தெரியும். அது நின்றால் எண்ணெய் முடிந்ததா, பஸ்லான் போய் நிற்பாட்டினாரா என்று யாராலும் சொல்ல ஏலாது. சிவபாக்கியம் கைபேசியை உயர்த்திக் கூரைப் பக்கம் பிடித்தார். ஐந்து வருடமாகப் புருசனுடைய மெசினைப் புகையாக மட்டுமே கண்ட நபீஸா, அன்றுதான் அதன் சத்தத்தை மறுபடி கேட்டார்.

"இரிக்கா அக்கா?" என்று நடுநடுவே கேட்டார்.

"இருக்கு. இருக்கு பிள்ளை."

இராசதுரை வீட்டின் நடுவில் கண்ணை மூடி நின்றார். ஓட்டம் மெலிவதை மனைவிக்கு முன்னரே அவர் கேட்டார். பெற்றோல் அடித்தட்டுக்கு வரும்போது மெசின் ஒருமுறை வேகம் எடுத்து ஓடும், அதுதான் கடைசி. அது வந்துவிடக்கூடாதென்று, தனக்குக் கேட்காத குரலில், தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டார். தெரிந்ததில் கிண்ணியாக்காரரின் ஆண்டவனையும் சேர்த்துக்கொண்டார். நாற்பத்தோராவது நிமிடம் சத்தம் சட்டென்று நின்றது. கடைசி வேகம் வராமல் நின்றது என்பது இராசதுரைக்கு மட்டும் தெரிந்தது. அவர் நிலத்தில் குந்தினார்.

"எண்ணெய் முடிஞ்சு நிக்கேல்ல," என்றார். "ஆரோ கையால நிப்பாட்டினது."

பஸ்லான்தான். அவர் அந்த வயலோரத்தை இரண்டு தரம் கடந்து போயிருந்தார். மெசின் சத்தம் போட்டிருந்தால் அரை மைலுக்கு முன்னரே திரும்பியிருப்பார். மூன்றாம் தரம், காற்று விழுந்திருக்கும்போது ஓரிடத்தில் புல் மட்டும் நடுங்குவதைக் கண்டு இறங்கினார். மெசின் புல்லுக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில், புளியங்கட்டையின் கீழ், இடுப்புவரை சேற்றில் புதைந்து ஸெய்னுதீன் கிடந்தார். நெஞ்சு அமுங்கிக் கூப்பிட மூச்சில்லை. ஆட்களைக் கூட்டிவந்து, ஜாக்கி வைத்துக் கட்டையை உயர்த்தி எடுத்தார்கள். தொடையெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மற்றவை எல்லாம் சரியாக இருந்தன.

மூன்றாம் நாள் இராசதுரை ஆசுபத்திரிக்குப் போனார். ஐந்து வருடம் கழித்துக் காண்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்தார். ஸெய்னுதீன் மின்விசிறியைப் பார்த்தபடி, கண் நிறைய, மெல்லச் சொன்னார்:

"நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிரிக்கக் கூடா மச்சான்."

இராசதுரைக்கு உதடு அசைந்தது தெரிந்தது. செயினைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

"ஓம்," என்றார், வார்டு முழுவதும் கேட்கும்படி. "ஒரு மாசமா மொட்டைச் செயினாலதான் அரியிறாய். எனக்குத் தெரியும்."

ஸெய்னுதீன் சிரிக்கத் தொடங்கினார். கால் வலித்தது, நிறுத்த ஏலவில்லை. ஏன் சிரிக்கிறான் என்று தெரியாமல் இராசதுரையும் சிரித்தார். தாதி வந்து இருவரையும் அதட்டினார், ஒருவருக்குத்தான் கேட்டது.

எட்டு மாதம் கழித்து மெசின் மறுபடி எடுக்கப்பட்டது. இனிச் சேர்ந்துதான் அரிவது என்று முடிவானது. முதல் நாள் இராசதுரையைக் காலையில் கிண்ணியாவுக்குக் கூட்டிப்போய், ஒரு வேப்பங்கட்டைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். ஸெய்னுதீன் கயிற்றை இழுத்தார். தூள் பறந்தது. இராசதுரை கையைக் காதில் வைத்து முன்னுக்குக் குனிந்தார், பின்னுக்குப் போனார், எழும்பி மெசினுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதென்பதை யாரும் யோசிக்கவில்லை. சத்தம் உப்புவெளியில் பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. ஒரு மணித்தியாலம் மரியாதைக்கு இருந்துவிட்டு, தன்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வீட்டிலிருந்தே போகிறார். காலை எட்டரைக்குச் சவரம், கழுவிய சட்டை, கதிரை. பக்கத்தில் சிவபாக்கியம் போனோடு. மெசின் தொடங்கியவுடன் அவர் விரலால் காட்டுவதையும் வாயால் சொல்வதையும் சிவபாக்கியம் முற்றத்துக்கு இறங்கிக் கிண்ணியாவுக்குச் சொல்கிறார். செயின் தளர்ந்திட்டுதாம். கீழால வெட்டட்டாம். கட்டை இறுக்கப் பாக்குது, ஆப்பு வைக்கட்டாம். அங்கே ஸெய்னுதீன் காதில் செருகிய கருவியால் கேட்டு, ஓம் அக்கா, ஓம் அக்கா என்று செய்கிறார். இந்த முறையில் இதுவரை எந்தக் கட்டையும் பிசகி உருளவில்லை. கல்யாண வீடுகளுக்கும் பேக்கரிகளுக்கும் விறகு நேரத்துக்குப் போகிறது. சிவபாக்கியம் இப்போது மாமரத்தையும் புளியையும் தானாகவே பிரித்தறிகிறார், கணவர் பிழையாகச் சொன்னால் திருத்துகிறார். ஸெய்னுதீனின் மெசினுக்குப் புதுச் சைலென்சர் பூட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னபோது, இரண்டு வீட்டாரும் ஒருமித்து வேண்டாம் என்றார்கள்.

இரண்டாயிரத்து இருபத்துநான்கின் கடைசியில் சனத்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. உப்புவெளியின் அந்தத் தெருவுக்கு வந்தவர் நஜ்முன் நிஸா என்ற உத்தியோகத்தர், நகரத்துப் பெண், ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று முடித்தாக வேண்டியவர். வாசலில் செருப்பைக் கழற்றியபோது காலைநேரம் அமைதியாக இருந்தது. உள்ளே வந்தவுடன் மெசின் முழு வேகத்தில் இருந்தது. ஒரு கணம் முகத்தைச் சுளித்தார், கூரையைப் பார்த்தார், பிறகு காட்டிய கதிரையில் அமர்ந்து கையிலிருந்த கருவியைத் திறந்தார். குடும்பத் தலைவரின் தொழில் என்னவென்று கத்திக் கேட்டார். மரம் அரிதல் என்று சிவபாக்கியம் கத்தினார். வேலை செய்யும் இடம்? வீடு. நஜ்முன் நிஸா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மரம் இல்லை, மெசின் இல்லை, தூள் இல்லை. கண்ணை மூடிக் கதிரையில் இருந்த மனிதர் மட்டும், மிகவும் கவனமாக வேலை செய்துகொண்டிருந்தார். வீடு என்று பதிந்தார். அடுத்த கேள்வி அறைகளின் எண்ணிக்கை. அந்நேரம் கிண்ணியாவில் மெசின் ஒரு கணுவுக்குள் போயிருக்க வேண்டும், வாய்விட்டுக் கேட்டு வேலையில்லை. நஜ்முன் நிஸா சுவர்களைச் சுட்டிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். சிவபாக்கியம் மூன்று விரலைக் காட்டினார். மூன்று என்று பதிந்துகொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார்.